குளிரும் ஒரு தரவுப் பிழை

மட்டாஞ்சேரியில் நின்றுகொண்டு குளிரைப் பற்றிப் பேசினால் எவரும் சிரிப்பார்கள். பஜார் சாலையின் பழைய கிட்டங்கிகளில் மிளகும் சுக்கும் மணக்கும் புழுக்கத்தில் ஆண்டின் பெரும்பகுதி வியர்வையோடு கழிகிறது. ஆனால் அந்தக் கிட்டங்கிகளுக்குப் பின்னால் கிடக்கும் காயலின் மறுகரையில் வில்லிங்டன் தீவு இருக்கிறது. மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் அங்கேதான் இயங்குகிறது. லட்சத்தீவுக்குச் செல்லும் கப்பல்களும் அங்கிருந்தே புறப்படுகின்றன. பவளப்பாறைகளை அளக்கவும் மீன்களை எண்ணவும் கடற்புல் வெளிகளைப் பதிவு செய்யவும் செல்லும் ஆய்வு மாணவர்கள் பலருக்குக் கடலின் வாசல் இந்தத் துறைமுகம்தான்.

அப்படிப் புறப்படும் ஒருவரின் பெட்டியைத் திறந்து பார்த்தால் அதில் ஒழுங்கு தெரியும். நீர்புகாப் பெட்டியில் கேமரா, அளவுநாடா, சதுரச் சட்டம், நீருக்கடியில் எழுதும் பலகை, பென்சில்கள், மாதிரி எடுக்கும் பைகள் என ஒவ்வொன்றும் சரிபார்க்கப்பட்டிருக்கும். ஸ்கூபா உடை மட்டும் கடைசியில் நினைவுக்கு வரும். துறை அலமாரியில் தொங்கும் ஏதோ ஒரு வெட்சூட், அல்லது தீவில் வாடகைக்குக் கிடைப்பது. கேட்டால், “வெதுவெதுப்பான கடல்தானே” என்பது பதில்.

இந்தப் பதில் தவறானது. இந்திய வெப்பமண்டலக் கடல்களில் மூழ்கி ஆய்வு செய்வோருக்கு வெட்சூட் ஒரு வசதிப் பொருள் அல்ல. அது ஓர் ஆய்வுக் கருவி. வெப்பமானியைப் பொருத்தமாகத் தேர்ந்து அளவுதிருத்தம் செய்வதைப் போலவே அதையும் தேர வேண்டும். அதைச் செய்யாதபோது பாதிக்கப்படுவது மாணவரின் உடல் மட்டுமல்ல. அவர் கொண்டுவரும் தரவும்தான்.

முதலில் இயற்பியல். காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு அதிகமாக வெப்பத்தைக் கடத்தும். ஆடையின்றி நீரில் அசையாதிருக்கும் ஒருவரின் உடல் வெப்பம் குறையாமல் இருக்க, நீரின் வெப்பநிலை ஏறத்தாழ 33 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். லட்சத்தீவிலும் மன்னார் வளைகுடாவிலும் கடல் ஆண்டின் பல மாதங்களில் 28 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. 28 டிகிரிக் காற்றில் மின்விசிறியைத் தேடும் அதே உடல், 28 டிகிரி நீரில் ஒவ்வொரு நிமிடமும் வெப்பத்தை இழந்துகொண்டிருக்கிறது.

பனிக்கடலில் விழுந்தவருக்குத் தன் நிலை உடனே தெரியும். மிதமான நீரில் அந்த எச்சரிக்கை கிடைப்பதில்லை. இழப்பு மெதுவாக நடப்பதால் நடுக்கம் தாமதமாகத் தொடங்கும். சில நேரம் கரையேறும்வரை தொடங்கவே தொடங்காது. காலையில் ஒரு முறை, நண்பகலில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை என நாளுக்கு மூன்று தடவை மூழ்கி, அதையே ஒரு வாரம் தொடர்ந்தால் இழப்பு குவிகிறது. ஐந்தாம் நாள் மாலையில் தோன்றும் சோர்வை வேலைப்பளு என்றும் தூக்கக் குறைவு என்றும் மாணவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். குளிர் அந்தப் பட்டியலில் இடம்பெறுவதே இல்லை.

குளிர்ந்த உடல் முதலில் கைவிடுவது விரல்களை. பென்சில் பிடி தளர்கிறது, கேமராவின் பொத்தானை அழுத்துவது கடினமாகிறது. அடுத்து கவனம் குறுகுகிறது. எண்ணிய எண்ணை எழுதுவதற்குள் மறப்பதும், சட்டத்தின் ஓரத்தில் இருக்கும் சிறிய உயிரினத்தைப் பார்க்காமல் விடுவதும், “இது போதும்” என்று நாடாவைச் சுருட்டத் தொடங்குவதும் அதன் விளைவுகள். நடுங்கும் உடல் அதிக ஆக்சிஜனைக் கேட்பதால் உருளையில் உள்ள காற்றும் விரைவில் தீர்கிறது. பத்துச் சட்டங்களை அளக்க வேண்டிய இடத்தில் ஏழோடு மேலே வர நேர்கிறது.

புள்ளியியல் தெரிந்தவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தப் பிழை எல்லாத் திசையிலும் சமமாகச் சிதறும் பிழை அல்ல. ஒரு குழு ஒவ்வொரு நாளும் ஒரே வரிசையில் இடங்களைப் பார்க்கிறது என்று கொள்வோம். கடைசி இடம் எப்போதும் குளிர்ந்த கண்களாலேயே பார்க்கப்படும். அங்கே மீன் குறைவு என்று பதிவானால், குறைந்தது மீனா, பார்த்தவரின் கவனமா என்பதைப் பிரித்தறிய வழியில்லை. ஆழமான இடங்களுக்கும் இதே சிக்கல் உண்டு. கேமராவின் தெளிவுத்திறனைப் பற்றி ஒரு பத்தி எழுதும் கட்டுரைகள், எண்ணியவரின் உடல் வெப்பத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுதுவதில்லை.

ஒரு வெட்சூட் எப்படி வேலை செய்கிறது என்பதை அறியாமல் சரியானதைத் தேர முடியாது. பரவலான நம்பிக்கை ஒன்று உண்டு: உடைக்குள் புகும் நீரை உடல் சூடாக்குகிறது, அந்தச் சுடுநீரே உடலைக் காக்கிறது என்பது. இது பாதி உண்மை. 1950களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இயற்பியலாளர் ஹியூ பிராட்னர் கண்டது வேறொன்று. மூழ்குபவர் உலர்ந்திருக்கத் தேவையில்லை; உடையின் பொருளுக்குள் போதிய வாயு சிறைப்பட்டிருந்தால் உடல் நனைந்தாலும் வெப்பம் நிற்கும். அணுகுண்டுத் திட்டத்தில் பணியாற்றிவிட்டு வந்த அவர், நுண்ணிய குமிழ்கள் நிறைந்த நியோபிரீன் நுரையால் உடை செய்தார். காப்பது அந்தக் குமிழ்கள்தான். உள்ளே புகும் நீரின் பங்கு ஒன்றே ஒன்று: அது அசையாமல் இருக்க வேண்டும். அந்த நீர் வெளியேறிப் புதுநீர் புகுந்தால், உடல் மறுபடியும் புதிதாக ஒரு படலத்தைச் சூடாக்க வேண்டியிருக்கும்.

இதிலிருந்து முதல் விதி தானாகக் கிடைக்கிறது: தடிமனைவிடப் பொருத்தம் முக்கியம். உடலோடு ஒட்டாத 5 மி.மீ. உடையைவிட, ஒட்டி நிற்கும் 3 மி.மீ. உடை அதிக வெப்பம் காக்கலாம். அணிந்து பார்க்கும்போது கவனிக்க வேண்டிய இடங்கள் சில. முதுகின் கீழ்வளைவில் துணி எழும்பி நிற்கக் கூடாது. அங்கே குளம்போல் நீர் தேங்கி, ஒவ்வொரு துடுப்பசைவிலும் வெளியே தள்ளப்படும். அக்குள், தொடைச் சந்து, முழங்காலின் பின்புறம் ஆகிய மூன்று இடங்களிலும் வெற்றிடம் இருக்கக் கூடாது. மணிக்கட்டிலும் கணுக்காலிலும் விளிம்பு தோலோடு படிய வேண்டும். கைகளை மேலே தூக்கி, குந்தி எழுந்து, ஆழமாக மூச்சிழுத்துப் பார்க்க வேண்டும். மூச்சு தடைப்பட்டால் அந்த உடை வேண்டாம். கழுத்து மிகவும் இறுகினால் அது சாதாரண அசௌகரியம் அல்ல. கழுத்துத் தமனியில் அழுத்தம் பட்டால் இதயத் துடிப்பு தாழ்ந்து மயக்கம் வரலாம்.

இரண்டாவது விதி ஆழத்தைப் பற்றியது. குமிழ்களில் இருப்பது வாயு. பாயிலின் விதி அவற்றையும் விடாது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இருமடங்காகி வாயுவின் கொள்ளளவு பாதியாகிறது. 20 மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு, 30 மீட்டரில் நான்கில் ஒரு பங்கு. ரப்பர் சுருங்காமல் இருந்தாலும் குமிழ்கள் நசுங்குவதால் உடையின் தடிமன் குறைகிறது. குளிர் கூடும் ஆழத்தில்தான் காப்பு குறைகிறது. கடையில் எழுதப்பட்டிருக்கும் மி.மீ. கணக்கு கரையின் கணக்கு. ஆய்வு நடப்பதோ ஆழத்தில். பழைய உடைக்கும் இது பொருந்தும். பல ஆண்டுகள் அழுந்தி அழுந்திக் குமிழ்கள் உடைந்துபோன 3 மி.மீ. உடை இப்போது 3 மி.மீ. இல்லை. துறை அலமாரியில் தலைமுறை தலைமுறையாகத் தொங்கும் உடை, அளவுதிருத்தம் தவறிய தராசுக்குச் சமம்.

மூன்றாவது விதி: பருவத்தையும் இடத்தையும் பார். 27 டிகிரிக்கு மேற்பட்ட நீரில் ஒரு மணி நேரத்துக்குக் குறைவான ஒற்றை மூழ்கலுக்கு 2 அல்லது 3 மி.மீ. உடை பெரும்பாலோருக்குப் போதும். 22 முதல் 26 வரை என்றால் 3 முதல் 5 மி.மீ. வரை. அதற்கும் கீழே 7 மி.மீ., தலைக்கவசம் எனக் கூடிக்கொண்டே போகும். 10 டிகிரியை நெருங்கினால் உலர் உடைதான். ஆனால் இவை தொடக்கப் புள்ளிகள் மட்டுமே. மெலிந்த உடல், நாளுக்குப் பல மூழ்கல்கள், நீந்தாமல் ஓரிடத்தில் நின்று எண்ணும் வேலை ஆகிய ஒவ்வொன்றும் ஒரு படி தடிமனைக் கூட்டக் கோரும். சுற்றுலாவுக்கு மூழ்குபவர் நீந்திக்கொண்டிருப்பார். ஆய்வாளர் ஒரு சதுரச் சட்டத்தின் மேல் அசையாமல் மிதந்துகொண்டிருப்பார். சுற்றுலாப் பயணிக்கான பரிந்துரை ஆய்வாளருக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான்.

கொச்சிக்கு வெளியே உள்ள கடல் இதற்கு நல்ல பாடம். சூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கேரளக் கரையை ஒட்டி அடிநீர் மேலெழுகிறது. ஊட்டம் நிறைந்த அந்த நீரே மத்திக்கும் அயிலைக்கும் உணவுச் சங்கிலியின் தொடக்கம். அதே நீர் குளிர்ந்தது, ஆக்சிஜன் குறைந்தது. மேலே தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பு. சில மீட்டர் கீழே பல டிகிரி வேறுபாடு. கடல் கொந்தளிக்கும் அந்த மாதங்களில் மூழ்குவோர் குறைவு. ஆனால் பருவம் அடங்கும் வேளையில் முதலில் கடலுக்குள் இறங்குபவர்கள், மேற்பரப்பின் வெப்பநிலையை வைத்து உடையைத் தேர்ந்தால் ஏமாறுவார்கள். அளக்க வேண்டியது வேலை நடக்கும் ஆழத்தின் வெப்பநிலையை. மூழ்கலின்போது கையில் கட்டும் கணினி அதை ஒவ்வொரு முறையும் பதிவு செய்கிறது. அந்தப் பதிவை எடுத்துப் பார்ப்பவர்கள்தான் குறைவு.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு; அதை மறைப்பது நேர்மையல்ல. தடித்த உடை எல்லாவற்றுக்கும் தீர்வு என்று எண்ணுவதும் தவறே. கொச்சி வெயிலில் திறந்த படகில் 5 மி.மீ. உடையோடு அரைமணி நேரம் காத்திருப்பவர், நீரில் இறங்கும் முன்பே உடல் சூடேறி நீர்ச்சத்தை இழந்திருப்பார். தடித்த உடை அதிகம் மிதக்கும். அதை ஈடுகட்ட இடுப்பில் ஈயம் கூடும். ஆழத்தில் உடை நசுங்கியதும் அந்த ஈயம் தேவைக்கு மேற்பட்ட பாரமாகும். அமெரிக்கக் கடற்படையின் மூழ்கல் ஆய்வுப் பிரிவு 2007இல் வெளியிட்ட முடிவும் இங்கே நினைக்கத்தக்கது: ஆழத்தில் சூடாக இருந்து, மேலேறும்போது குளிர்ந்திருப்பவருக்கே அழுத்தத் தளர்வு நோயின் ஆபத்து மிகுதி. முன்பகுதியில் வெதுவெதுப்பாக வேலை செய்துவிட்டுக் கடைசியில் குளிர்ந்துபோகும் ஆய்வாளரின் வழக்கமான நாள் அந்த ஆபத்தின் திசையிலேயே நகர்கிறது. ஆகவே கேள்வி, எவ்வளவு தடிமன் என்பது அல்ல. மூழ்கலின் கடைசிப் பத்து நிமிடத்திலும் உடல் வெப்பம் நிற்குமா என்பதே.

இன்னொரு மறுப்பு அடிக்கடி கேட்கும்: “கடலோர மக்கள் எந்த உடையும் இல்லாமல் மூழ்குகிறார்களே.” உண்மைதான். பாம்பன் கரையில் கடற்பாசி எடுக்கும் பெண்கள் பழைய சட்டையை அணிந்து, விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு மணிக்கணக்கில் நீரில் இருக்கிறார்கள். தூத்துக்குடியில் முத்துக்குளித்தவர்களும் சங்கு குளித்தவர்களும் வெற்றுடம்போடு இறங்கினார்கள். ஆனால் தேர்வுக்கு வழியில்லாதவர்களின் பொறுமையைத் தேவையின்மைக்குச் சான்றாகக் காட்டுவது ஆய்வறமாகாது.

கொரியாவின் ஜெஜு தீவில் மூழ்கிப் பிழைக்கும் ஹேன்யோ பெண்களின் கதை இதற்குத் தெளிவான விடை. அவர்கள் 1970களின் நடுப்பகுதிவரை பருத்தி உடையோடு, குளிர்காலத்தில் ஏறத்தாழ 10 டிகிரி நீரிலும் மூழ்கினார்கள். உடலியலாளர்கள் அவர்களை ஆராய்ந்தபோது, குளிர்காலத்தில் அவர்களின் அடிப்படை வளர்சிதை மாற்றமே உயர்ந்திருப்பதைக் கண்டனர். உடல் குளிருக்குப் பழகும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று கிடையாது. ஆனால் அந்தப் பழக்கத்தின் விலை என்ன? குளிர்காலத்தில் ஒரு முறைக்கு அரைமணி நேரம்கூட நீரில் நிற்க முடியாமல் கரையேறித் தீக்காய்ந்தார்கள். வெட்சூட் வந்ததும் வேலை நேரம் மணிக்கணக்கில் நீண்டது. சில ஆண்டுகளில் அந்த உடலியல் தகவமைவு மறைந்துபோனது. அதை மீட்க அந்தப் பெண்களில் எவரும் பருத்தி உடைக்குத் திரும்பவில்லை. தகவமைவைப் போற்றி எழுதியவர்கள் கரையில் இருந்தவர்கள். உடையைத் தேர்ந்தவர்கள் கடலில் இருந்தவர்கள்.

1947இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் மண்டபம் முகாமில் இயங்கிப் பின்னர் கொச்சிக்கு இடம் மாறியது. அதன் விஞ்ஞானிகளான மகாதேவனும் நாகப்பன் நாயரும் தூத்துக்குடிக் கடலில் தாமே மூழ்கிக் கண்டவற்றை 1960களில் கட்டுரைகளாக எழுதினார்கள். இந்தியாவில் கடலுக்கடியில் சென்று செய்யும் ஆய்வுக்கு அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது என்பதற்கு அவை சாட்சி. இவ்வளவு நீண்ட மரபுக்குப் பிறகும் மூழ்குபவரின் உடையை அவரவர் சாமர்த்தியத்துக்கு விட்டுவிடுவது வியப்புக்குரியது.

பெண் ஆய்வாளர்களின் நிலை இன்னும் மோசம். ஆண்களின் அளவில் வாங்கப்பட்ட பொது உடை அவர்களின் இடுப்பிலும் மார்பிலும் தோளிலும் பொருந்துவதில்லை. பொருந்தாத இடமெல்லாம் நீர் புகும் வாசல். ஒரே குழுவில், ஒரே கடலில், ஒரே நேரம் மூழ்கி எழும் இருவரில் ஒருவர் மட்டும் எப்போதும் முதலில் குளிர்ந்து மேலே வருகிறார். பிறகு அது அவருடைய உடல்வலிமைக் குறைவாகப் பேசப்படுகிறது. குறை உடையில் இருக்கிறது. பெயர் உடலுக்கு வருகிறது. “களப்பணிக்கு ஏற்றவரல்லர்” என்ற தீர்ப்பு இப்படி ஓர் அளவு தவறிய உடையிலிருந்து பிறக்கக்கூடும் என்பதைத் துறைகள் உணர வேண்டும்.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. நீருக்கடியில் வேலை உள்ள ஒவ்வொரு ஆய்வுத் திட்டத்தின் நிதிக் கோரிக்கையிலும் கேமராவுக்குக் கீழே, மூழ்கும் ஒவ்வொருவருக்கும் அவரவர் அளவில் ஓர் உடை என்ற வரி இடம்பெற வேண்டும். கட்டுரையின் முறையியல் பகுதியில் வேலை ஆழத்தின் வெப்பநிலை, மூழ்கிய நேரம், உடையின் தடிமன் ஆகிய மூன்றும் எழுதப்பட வேண்டும். இடங்களைப் பார்க்கும் வரிசையை நாள்தோறும் மாற்ற வேண்டும். குளிர்கிறது என்று சைகை காட்டி மேலே வருபவரிடம் எவரும் காரணம் கேட்கக் கூடாது. உடையை நன்னீரில் அலசி, நிழலில் உலர்த்தி, மடிக்காமல் அகன்ற தோள்தாங்கியில் தொங்கவிடுவதும் கருவிப் பராமரிப்பின் பகுதியே.

இவற்றுக்கு அப்பால் ஒரு பெரிய வாய்ப்பும் கண்முன் இருக்கிறது. நியோபிரீன் என்பது 1930இல் டூபாண்ட் ஆய்வகத்தில் பிறந்த செயற்கை ரப்பர். இன்று இயற்கை ரப்பர் நுரையிலும் வெட்சூட் செய்யப்படுகிறது. அமெரிக்காவின் பட்டகோனியா நிறுவனம் அத்தகைய உடைகளை விற்கிறது. இந்தியாவின் ரப்பர் வாரியமும் ரப்பர் ஆராய்ச்சி நிலையமும் இருப்பது கோட்டயத்தில். அது கொச்சியிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம். மீன்பிடி வலைக்கும் படகுக்கும் தொழில்நுட்பம் தந்த நிறுவனம் மட்டாஞ்சேரிக்கு எதிர்க்கரையில் இருக்கிறது. ரப்பர் தெரிந்தவர்களும் கடல் தெரிந்தவர்களும் ஒரு மேசையில் அமர்ந்தால், இந்திய உடல்களின் அளவில், இந்தியக் கடல்களின் வெப்பநிலைக்கு ஏற்ற, மாணவர் வாங்கக்கூடிய விலையில் ஓர் உடை பிறக்க முடியாதா? அது வந்தால் ஆய்வாளருக்கு முன்பாகப் பாம்பனின் பாசி எடுக்கும் பெண்களிடம் அது போய்ச் சேர வேண்டும். அவர்களின் உழைப்பைப் பற்றி எழுதப்பட்ட ஆய்வேடுகள் அவர்களுக்குப் பட்டிருக்கும் கடனில் சிறு பகுதியாவது அப்போது தீரும்.

உடையைத் தேர்வது எப்போதும் கரையில், வெயிலில், வியர்த்துக்கொண்டிருக்கும்போது நடக்கிறது. அந்த நேரத்தில் குளிரைக் கற்பனை செய்வது கடினம். அதனால்தான் அந்த முடிவை உடலின் உணர்வுக்கு விடாமல், அளவுகளுக்கும் எண்களுக்கும் விட வேண்டும். அடுத்த களப்பயணத்துக்குப் பெட்டி கட்டும் மாணவர் கேமராவின் மின்கலத்தைச் சரிபார்க்கும் அதே கையோடு, தன் உடையையும் ஒரு முறை அணிந்து, கைகளை உயர்த்தி, குந்தி எழுந்து பார்க்கட்டும். நெறியாளர் அந்த நேரத்தில் அருகில் இருந்தால் இன்னும் நல்லது.